கபிரியேல் உருளை

ஜூலை 1, செவ்வாய்

இந்த டைரியைப் பங்குச்சாமியார் ஜனவரியிலேயே கொடுத்துவிட்டார். ஆறு மாதம் வெள்ளைத்தாளாகவே கிடந்தது. அந்த ஆறு மாதத்திலும் என் வாழ்க்கையில் பெரிய பெரிய சம்பவங்கள் நடந்தன. எழுதாமல் விட்டதில் உலகத்துக்குத்தான் நஷ்டம். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு இயந்திரம் செய்யப் போகிறேன். பிற்காலத்தில் யாராவது வந்து, இதை யார் செய்தது என்று கேட்டால் ஆதாரம் வேண்டும் அல்லவா?

பெயர் கபிரியேல். ஊரில் கப்பல் மாமா என்பார்கள். படிப்பு ஏழாம் வகுப்பு. அதற்குமேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாரிடம் சரக்கு இல்லை. பிறகு பல வருஷம் கப்பல். நடுக்கடலில் இன்ஜின் நின்று கேப்டன் தலையில் கைவைத்து அழுதபோது ஒரே ஒரு ஸ்பானரோடு உள்ளே இறங்கியவன் நான். அதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்க் கரையைக் கடல் தின்றுவிட்டது. முன்பெல்லாம் படகை மணலில் இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இப்போது மணல் இருந்த இடத்தில் கல் சுவர். சுவருக்கு நடுவில் ஒரு சிமெண்டுச் சரிவு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் இந்த மாதங்களில் படகைத் தண்ணீரில் விட்டால் விடிவதற்குள் கல்லில் மோதிச் சில்லுச் சில்லாகிவிடும். ஆகவே தினமும் சாயங்காலம் படகைச் சுவருக்கு மேலே கொண்டுபோக வேண்டும். ஜெரால்டு என்று ஊரில் ஒரு பயல், தன் டிராக்டரால் டிரெய்லரைத் தண்ணீர்வரை இறக்குவான். டிரெய்லரின் முன்னால் இருக்கிற வின்சைக் கையால் சுற்றினால், கம்பி படகை இழுக்கும். பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ள வேண்டும். படகு டிரெய்லரில் ஏறிய பிறகு டிராக்டர் மேலே இழுத்துக்கொண்டு போகும்.

என் அக்காள் மகள் ஜெனிட்டாவின் படகுக்கு இப்போது ஏழெட்டுப் பேர் சேர்வதில்லை. அவள் புருஷன் அமலுக்கு முதுகில் தட்டு விலகிவிட்டது. கடலுக்குப் போவான், சுக்கான் பிடிப்பான். குனிந்து தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் வரும்வரை தண்ணீரில் காத்திருந்து, காத்திருந்து, போன மாதம் படகு கல்லில் அடிபட்டுக் கீறிவிட்டது. ஒட்டியிருக்கிறார்கள்.

"இன்னொரு தடவை ஒடஞ்சா ஒட்ட முடியாது மாமா," என்றாள் ஜெனிட்டா. "வந்த வெலைக்குத் தள்ளிட்டு, அவிய கேரளாவுக்கு விசைப்படகுக்குக் கூலிக்குப் போவணும். அந்த முதுக வச்சிக்கிட்டு."

இன்று வின்ச் கைப்பிடி கொஞ்சம் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டது. வின்சுக்குள் ஒரு இரும்பு நாக்கு உண்டு. பல்சக்கரம் பின்னால் திரும்பாமல் அதுதான் தடுக்கும். அது தேய்ந்துபோய் வழுக்கிவிட, நான் பிடித்திருந்த கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று என் வலது தோளில் ஒன்று வைத்தது. சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். அந்தச் சத்தம் கைப்பிடியினுடையது, என்னுடையது அல்ல.

அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்: "ஒரே ஆளு. ஒரே ஆளு நின்னு இந்தப் படக ஏத்துத மாதிரி ஒரு வின்ச் மாட்டிக் காட்டலன்னா என் பேரு கபிரியேல் இல்ல."

"அப்போ என்ன பேரு வைக்கலாம்னு இப்பவே யோசிச்சு வைங்க," என்றாள் படகின் வால்பக்கம் நின்ற கித்தேரி.

ஜூலை 2, புதன்

எழுத்து கோணலாக இருந்தால் மேசை சரியில்லை. இடது கையால் எழுதினால் மூளைக்கு நல்லது என்று கப்பல் டாக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது.

ஜூலை 4, வெள்ளி

பின்னால் படிப்பவர்களுக்காக ஒரு வழக்கத்தை எழுதிவைக்கிறேன்.

படகு ஏறும்போது யார் கை படகில் படுகிறதோ அவருக்குக் கைமீன் உண்டு. இரண்டு கை சாளையோ காரலோ, அன்றைக்குப் பட்டது. எவ்வளவு பலமாகத் தள்ளினார் என்று யாரும் அளப்பதில்லை. கை பட்டால் மீன். படாவிட்டால் யாராக இருந்தாலும் கிடையாது. கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். கை வைக்காமல் வாங்குவது கையேந்துவது என்பது இங்கே சட்டம்.

மற்றப் படகுகளில் ஆம்பளைக் கூட்டம். பொம்பளை கை வைத்தால் தட்டிவிடுவார்கள். ஜெனிட்டாவின் படகில்தான் கித்தேரிக்கு இடம். என் வீட்டுக்கு அடுத்த வளைவில் தனியாக இருக்கிறாள். புருஷன் கடலோடு போய்ப் பல வருஷம். மெலிந்த உடம்பு, மெலியாத வாய். படகின் வால்பக்கம் வந்து உள்ளங்கையை வைப்பாள். அவள் தள்ளுகிறாளா, அல்லது படகு போகும்போது கூடவே நடந்துபோகிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது. கைமீனில் பாதியை உள்ளூர்த் தெருக்களில் விற்பாள். மீதி, கறி.

என் கைமீனையும் அவளிடம்தான் கொடுப்பேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்று அர்த்தமில்லை. நான் வைத்த மீன்கறியைச் சாப்பிட்டு ஒரு கிரேக்கன் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறான். ஆனாலும் ஒரு பாத்திரத்தை மூடிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறவளை எப்படித் திருப்பி அனுப்புவது? அவள் மனம் நோகக் கூடாதே என்று சாப்பிடுகிறேன். தினமும்.

ஜூலை 7, திங்கள்

தூத்துக்குடி. பழைய இரும்புக் கடை. ஜெரால்டு கூட வந்தான். பஸ்ஸில் நிற்க இடமில்லை, தோள் சௌக்கியம்.

கடைக்காரர், "என்ன வேணும் பெரியவரே?" என்றார்.

"ரெண்டு கியர் வின்ச். நாக்கு புதுசா இருக்கணும்."

"எதுக்கு?"

"கப்பலுக்கு," என்றேன்.

"படகுக்கு அண்ணாச்சி," என்றான் ஜெரால்டு. "சின்னப் படகு. மாமா கப்பல்ல அடுப்படியில வெங்காயம் உரிச்சவிய. அதான் எதப் பாத்தாலும் கப்பலாத் தெரியுது."

அடுப்படியும் கப்பலுக்கு உள்ளேதான் இருக்கிறது. இதை அவனிடம் சொல்லவில்லை. சின்னப் பயல்களோடு வாதம் செய்யும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

நல்ல வின்ச் கிடைத்தது. ஒரு கியரில் வேகமாகச் சுற்றி, தொங்கும் பெல்டை இழுத்துவிடலாம். பாரம் ஏறியதும் அடுத்த கியருக்கு மாற்றினால் மெதுவாக வரும். ஆனால் நோஞ்சான்கூடச் சுற்றலாம். துருப்பிடித்த கம்பிக்குப் பதில் அகலமான நைலான் பெல்ட். கம்பி அறுந்தால் ஆளை அறுக்கும். பெல்டுக்கு அந்தக் கெட்ட புத்தி கிடையாது.

திரும்பும்போது முழுக்க நானே தூக்கி வந்தேன் என்று எழுதலாம். ஜெரால்டும் கொஞ்சம் பிடித்தான்.

ஜூலை 10, வியாழன்

பழைய வின்ச் ஏன் இவ்வளவு நாள் எங்களைக் கொன்றது என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். அது தாழ்வான இடத்தில் இருக்கிறது. கம்பி படகின் மூக்கைக் கீழ்நோக்கி இழுக்கிறது. படகு ஏறுவதற்குப் பதிலாக டிரெய்லரை முட்டுகிறது. பின்னால் நிற்கிற நாங்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளியது பாதி கடலை, பாதி எங்கள் முட்டாள்தனத்தை. வின்ச், படகின் மூக்கு வளையத்துக்கு நேராக இருக்க வேண்டும். உயரமான இரும்புத் தூண் ஒன்று பட்டறையில் சொல்லியிருக்கிறேன். டிரெய்லரில் படகு உட்காரும் காய்ந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு ரப்பர்ச் சக்கரங்கள் போட்டாயிற்று.

புது வின்சைத் தூணோடு என் கொட்டகையில் வைத்துச் செய்கிறேன். முடிந்ததும் டிரெய்லரில் மாட்ட ஒரு காலை நேரம் போதும். அதுவரை சரிவில் பழைய வின்ச்தான்.

ஒரு சிக்கல். பெல்ட் உருளும்போது ஒரு பக்கமாகவே ஏறி, மலை மாதிரிக் குவிந்து, இறுகி நின்றுவிடுகிறது. யாராவது பக்கத்தில் நின்று பெல்டை நடுவில் வைத்துப் பிடித்தால் சரியாக வருகிறது. ஆனால் நான் சொன்னது ஒரே ஆள். இரண்டு ஆள் அல்ல.

ஜூலை 13, ஞாயிறு

பூசையில் சாமியார் எழுந்து நில்லுங்கள் என்றபோது எனக்கு விடை வந்தது. இரண்டு நைலான் உருளைகள், செங்குத்தாக, நிற்கிற ஆட்களைப் போல. நடுவில் பெல்டின் அகலத்துக்கு மட்டும் இடம். பெல்ட் அவற்றுக்கு நடுவே நுழைந்து வந்தால் எந்தப் பக்கமும் போக முடியாது. மனிதக் கை வேண்டாம்.

இதற்குப் பெயர் கபிரியேல் உருளை. இது உலகத்தில் வேறு எங்கும் இல்லை. இருந்தால் அவர்கள் என்னைப் பார்த்துச் செய்தது.

ஜூலை 16, புதன்

சோதனை. கொட்டகைக்கு வெளியே தூணைப் புன்னை மரத்தோடு சேர்த்துக் கட்டினோம். பெல்டின் மறுமுனையை ஜெரால்டின் டிராக்டரில் மாட்டினோம். கியர் இல்லாமல் நின்ற டிராக்டரை இடது கையால் இழுத்தேன். வலது கை சும்மா இடுப்பில் இருந்தது. டக் டக் டக் என்று நாக்கு பேசப் பேச, டிராக்டர் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. பெல்ட் உருளைகளுக்கு நடுவே கோடு போட்டதுபோல் நுழைந்தது.

"மாமா," என்றான் ஜெரால்டு. குனிந்து உருளைகளைத் தொட்டுப் பார்த்தான்.

கித்தேரி கறிப் பாத்திரத்தோடு வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அப்போ நெசமாவே ஒரு ஆளு போதுமா?"

"போதும்," என்றேன். "ஜெனிட்டாவே ஏத்திருவா. பின்னால ஒருத்தரும் வேண்டாம்."

"நல்லதுதான். பாவம், அந்தப் புள்ள எத்தன பேர்ட்ட போய் வாங்க வாங்கன்னு கெஞ்சும்?"

பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. இன்று கறியில் உப்பு இல்லை. அவளுக்கு உப்பு மறப்பது வழக்கமில்லை.

ஜூலை 18, வெள்ளி

தூணுக்கு நீலப் பெயிண்ட் அடித்தேன். காயட்டும்.

ஜூலை 19, சனி

காயவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காற்றில் உப்பு அதிகம். இப்படிப்பட்ட காற்றில் பெயிண்ட் காய்வதற்கு நாள் பிடிக்கும். அவசரப்பட்டு மாட்டிய இயந்திரங்கள் என்ன கதியானது என்று கப்பலில் பார்த்தவன் நான். ஒரு போல்ட்டும் மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த போல்ட் என்று பார்க்க வேண்டும்.

சாயங்காலம் படகு ஏற்ற ஐந்து பேர். கித்தேரி வழக்கம்போல் வாலில் கை வைத்திருந்தாள். நானும் இப்போதெல்லாம் அவள் பக்கத்தில்தான் நிற்கிறேன். என் வலது கையும் படகில் இருந்தது. அதன் வேலையை அது செய்தது. காரல் மீன்.

ஜூலை 24, வியாழன்

ஜெனிட்டா வந்தாள். "மாமா, வின்ச் எப்போ?"

"வந்துக்கிட்டே இருக்கு."

"கொட்டகையிலருந்து சரிவுக்கு வர இத்தன நாளா? நடந்து வருதா?"

சிரித்தாள். ஆனால் கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. சனிக்கிழமை தூத்துக்குடியில் மாதா கோயில் கொடியேற்றம், ஊரே பஸ் ஏறிவிடும், அன்றைக்கு ஆள் இருக்காது, ஆனால் மீன் பாடு நன்றாக இருப்பதால் அமல் கடலுக்குப் போகத்தான் வேண்டும் என்றாள். சனிக்கிழமைக்குள் மாட்டிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். சொன்னால் செய்கிறவன் நான்.

ஜூலை 26, சனி

உடம்பு அசதி. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுச் சரிவில் ஜெனிட்டா, கித்தேரி, நான், டிராக்டரில் ஜெரால்டு. அவ்வளவுதான். பழைய வின்ச். ஜெனிட்டா சுற்றினாள். படகு பாதி ஏறியபோது அலை ஒன்று பின்னாலிருந்து தூக்கிவிட்டுப் பின்வாங்கியது. அந்த இழுப்பில் நாக்கு வழுக்கிவிட்டது. கைப்பிடி சுழல, ஜெனிட்டா குதித்து ஒதுங்கினாள். படகு பின்னால் சறுக்கி, அடுத்த அலைக்குக் குறுக்கே திரும்பி, கல்லுக்குப் போனது.

படகில் இருந்த அமல் தண்ணீரில் குதித்துப் படகுக்கும் கல்லுக்கும் நடுவில் முதுகைக் கொடுத்தான். குனியக்கூடாத முதுகு. கித்தேரி விளிம்பைப் பிடித்தவள் விடவில்லை; கல்லில் கை உரசித் தோல் போனது. நானும் பிடித்தேன். வலது கையால் பிடித்ததாகத்தான் நினைத்தேன். கை மேலே வரவே இல்லை.

சுவருக்கு அப்பாலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். படகு பிழைத்தது. பக்கவாட்டில் மேல்பகுதியில் ஒரு கீறல், தண்ணீர் தொடும் இடத்துக்கு மேலே. ஒட்டலாம் என்கிறார்கள். அமலைக் கட்டிலில் போட்டிருக்கிறது. கால் அசைகிறது, டாக்டர் அதை மூன்று தடவை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நாள் படுக்கை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெனிட்டா என் கொட்டகைக்கு வந்தாள். தூணின் பெயிண்டில் நகத்தை வைத்துச் சுரண்டினாள். நகத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

"காஞ்சு எத்தன நாளாச்சு மாமா?"

நான் ஏதோ பதில் சொன்னேன். போல்ட் என்றோ என்னமோ.

"எதுக்கு மாமா?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தம் போடவில்லை.

ஜூலை 28, திங்கள்

கித்தேரி வந்தாள். பாத்திரம் இல்லை. உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"அந்த மிசின எடுத்து மாட்டும்."

"மாட்டத்தான போறேன். நடுவுல ஒரு போல்ட்டு..."

"வே, கப்பக்காரரே! போல்ட்டாம் போல்ட்டு. எனக்காவத்தான் வச்சிக்கிட்டு இருந்தீரு. நான் உம்மட்ட கேட்டனா? என் ரெண்டு கை மீனுக்கு அந்தப் புள்ள புருஷன் மொடங்கணுமா? நாளைக்கு அவ என் மொகத்துல முழிப்பாளா?"

"உனக்காவன்னு யாரு சொன்னா?"

"ஊமையா உப்பில்லாக் கறியத் தின்னீரே, அது சொல்லிச்சு."

போய்விட்டாள். இவளுக்காக என்று நினைத்துக்கொள்கிறாள் பாவம். ஒரு மனிதனுக்கு எத்தனையோ தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கும். அதையெல்லாம் இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஜூலை 29, செவ்வாய்

மாட்டிவிட்டேன். ஒரு காலை நேரம்கூட ஆகவில்லை.

ஜூலை 31, வியாழன்

படகின் கீறலை ஒட்டியாயிற்று. அமலின் தம்பி கடலுக்குப் போய் வந்தான். சாயங்காலம் சுவர் முழுக்க ஆள். ஜெரால்டு டிரெய்லரை இறக்கினான். ஜெனிட்டா பெல்டின் கொக்கியை மூக்கு வளையத்தில் மாட்டிவிட்டு வந்து கைப்பிடியைப் பிடித்தாள். தனியாக. நான் பக்கத்தில்கூட நிற்கவில்லை, தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

டக் டக் டக்.

படகு வந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் வந்தது. பின்னால் யாரும் இல்லை. ரப்பர்ச் சக்கரத்தில் ஏறி, மூக்கு தூணைத் தொட்டு நின்றது. ஜெனிட்டா கைப்பிடியை விட்டுவிட்டுத் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டாள்.

சுவரில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். "கப்பல் மாமா! கப்பலையே ஏத்திருவீரு போல!" என்று ஒரு குரல். ஆமாம் என்று கையைத் தூக்கினேன். இடது கை.

கித்தேரியும் வந்திருந்தாள். பழக்கத்தில் பாத்திரம் கொண்டுவந்துவிட்டாள் போல; அதைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஜெனிட்டா இரண்டு கை சாளையை எடுத்து, "சித்தி, பாத்திரத்தக் காட்டுங்க," என்றாள்.

"நான் சும்மா வேடிக்க பாக்க வந்தேன்டி."

"புடிங்க சித்தி. உங்களுக்கு இல்லாததா?"

"கை வைக்கலியே மோளே," என்றாள் கித்தேரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுவரைப் பிடித்து ஏறிப் போய்விட்டாள்.

நான் சாதித்த நாள். இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கஞ்சி.

ஆகஸ்ட் 2, சனி

கஞ்சி. இந்த வயதில் எடையைக் குறைப்பது நல்லது. ஜெனிட்டா சாப்பிடக் கூப்பிட்டாள். அங்கே படுக்கையில் ஒருவன், இரண்டு பிள்ளைகள், இதற்கு நடுவில் நான் வேறா? சாப்பிட்டுவிட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது ஜெரால்டு சொன்னான்: கித்தேரி வெள்ளிக்கிழமை அடுத்த படகில் கை வைக்கப் போனாளாம். "பாட்டி, உங்க படகுலதான் வின்ச் வந்திட்டே, இங்க என்ன?" என்று ஒரு பயல் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். இப்போது திருப்பூரில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போகிற யோசனையாம். அங்கே அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். பாத்திரம் தேய்க்க, பிள்ளை பார்க்க ஆள் தேவையாம்.

"கடலே இல்லாத ஊருல்லா?" என்றேன்.

"ஆமா. அதுக்கென்ன மாமா?"

ஒன்றுமில்லை. கேட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

உருளையில் ஒரு குறை இருப்பதாகத் தெரிகிறது. என்ன குறை என்று விளக்க இந்தப் பக்கத்தில் இடம் போதாது. கழற்றிவிட்டேன். சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கொட்டகைக்குப் பின்னால் பூவரச மரத்தில் கவட்டை மாதிரி ஒரு கிளை இருந்தது. வெட்டிச் சீவினேன். ஒற்றைக் கையால் சீவுவது எவ்வளவு நேரம் பிடிக்கிறது!

ஆகஸ்ட் 6, புதன்

கித்தேரியின் பாத்திரம் ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. சாயங்காலம் சரிவுக்கு வந்தால் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்தான். வேலை மும்முரம்.

ஜெனிட்டா சுற்ற ஆரம்பித்தாள். படகு பாதி ஏறியது. பெல்ட் ஒரு பக்கமாகக் குவிந்து, இறுகி, நின்றுவிட்டது. புது நாக்கு, அது விடாது. படகு இருந்த இடத்தில் அசையாமல் நின்றது. அந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, இருந்திருந்தால் செய்திருப்பேனா?

"மாமா, நின்னுபோச்சு!"

"நிக்கத்தான் செய்யும்," என்றேன் பலமாக, சுவர்வரை கேட்கும்படி. "உருளை தேஞ்சுபோச்சு. பெல்ட்ட நடுவுல புடிக்க ஒரு கை வேணும்."

"ஒரு வாரத்துலயா தேஞ்சுது?" என்றாள் ஜெனிட்டா.

சுவரில் சிரிப்பு கிளம்பியது. ஜெரால்டு டிராக்டரில் எழுந்து நின்றான். "ஒரே ஆளு, ஒரே ஆளுன்னியளே மாமா! இப்போ ரெண்டு ஆளுங்கிய. அப்போ இது அர வின்ச்சுதான?"

"அர வின்ச்!" என்றது சுவர். "அர வின்ச் மாமா!"

நான் கவட்டைக் கம்பை எடுத்துக்கொண்டு, பாத்திரம் வாங்க வந்து நின்றவளிடம் போனேன்.

"கித்தேரி, இதப் புடி. பெல்ட்டு எந்தப் பக்கம் ஓடுதோ, இந்தக் கவட்டையால நடுவுக்குத் தள்ளு. கை கிட்டப் போவக் கூடாது. ஆம்பளையளுக்கு இது வராது, பொறும வேணும்."

அவள் கம்பைப் பார்த்தாள். வின்சைப் பார்த்தாள். உருளை இருந்த இடத்தில் நான்கு வெறும் ஓட்டைகள் இருந்தன, அதையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றியது.

"சீவத் தெரியாமச் சீவிருக்கீரு," என்றாள். "கையில சிலாம்பு ஏறும்."

வாங்கிக்கொண்டாள்.

டக் டக் டக். குவிந்த பெல்டை அவள் கவட்டையால் நடுவுக்குத் தள்ளிப் பிடிக்க, படகு ஏறியது. ஜெனிட்டா மீனைக் கொண்டுவந்தாள். கித்தேரி பாத்திரத்தை நீட்டினாள்.

சுவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கறி வந்தது. உப்பு சரியாக இருந்தது. கொஞ்சம் கூடவே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயில் வாசலில், தேநீர்க் கடையில், எங்கே போனாலும் அரை வின்ச். சாமியார்கூட, "என்ன கபிரியேல், பாக்கி அரை எப்போ?" என்று கேட்டார். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு படகுக்காரர்கள் வின்சைப் பார்க்க வந்தார்கள். பெல்டைக் கம்பால் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு உருளை வச்சா முடிஞ்சுதே, இதுகூடத் தெரியலையா?" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான்.

நான் ஜூலை பதிமூன்றாம் தேதிப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கலாம். டைரி சட்டைக்குள்தான் இருந்தது. காட்டவில்லை. வெயில்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஜெனிட்டா வற்புறுத்தி என்னைத் தோளுக்கு டாக்டரிடம் அனுப்பினாள். முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். கப்பலில் இருந்ததைச் சொன்னேன். கையை இதற்குமேல் தூக்க வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அமல் பரவாயில்லை, இன்று சுவர்வரை நடந்து வந்து, உட்கார்ந்து, படகு ஏறுவதைப் பார்த்தான். பின்னால் ஒருத்தரும் தள்ளாமல் ஏறுகிறது மாமா என்றான், திரும்பத் திரும்ப.

ஜெனிட்டா கைப்பிடிக்குப் போகும்போது, "சித்தி, பெல்ட்டப் பாத்துக்கோங்க," என்றாள். தினமும் சொல்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தால் தரை கூட்டியிருந்தது. நான் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் ஜெனிட்டா வந்து கூட்டியிருக்கிறாள். கட்டிலுக்கு அடியிலும் கூட்டியிருக்கிறாள்.

குனிந்து பார்த்தேன். சாக்கு இல்லை. உருளை இரண்டும் நீல பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கிடந்தன. அவிழ்த்தேன். உப்புக்காற்று தொடாதபடி இரும்பு முழுக்க கிரீஸ் தடவியிருந்தது. நான்கு போல்ட்டும் தனியாக ஒரு துணியில் முடிச்சுப் போட்டிருந்தன.

நான் கிரீஸ் தடவவில்லை.

பழையபடியே சுற்றி, சுவர் ஓரமாக இன்னும் உள்ளே தள்ளி வைத்தேன். வாசலில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.